பேய்மிரட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய்

இனி தினமும் மத்தியானம் தூங்குவது என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவு இல்லை. கற்பூரத்தை அணைத்துச் செய்கிற சத்தியம் மாதிரி முடிவு. சாப்பாடு முடிந்த கையோடு பாய், பாய் முடிந்த கையோடு டீ. நடுவில் எமனே வந்து கதவைத் தட்டினாலும், வெயில் சாய்ந்து வரச் சொல்லிவிட வேண்டியது.

இந்த முடிவை ஊர் முழுக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரி செண்பகத்திடம் மட்டும் சொல்லவில்லை. தைரியசாலிக்கும் ஓர் அளவு உண்டு.

நீங்கள் கேட்கலாம், ஒரு தூக்கத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று. என் வாலிபம் முழுவதும் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் போனது. சிவக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வரும். இடுக்கியால் அதன் கழுத்தைப் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குள் விட வேண்டும். அங்கே கண்ணைச் சிமிட்டுவதென்றால்கூட மேஸ்திரியைக் கேட்டுத்தான் சிமிட்ட வேண்டும். மூன்று ஷிப்ட். நான் வீட்டுக்கு வரும்போது என் தூக்கம் வெளியே போயிருக்கும். அது வீட்டுக்கு வரும்போது நான் மில்லில் இருப்பேன். ஒரே வீட்டில் குடியிருந்தும் முகம் பார்க்காமலே வாழ்ந்தோம், நானும் என் தூக்கமும்.

ஓய்வு கிடைத்தது. இனிமேல் சேர்ந்து வாழலாம் என்று பார்த்தால், நான் வேலையை விட்ட மறுவாரமே செண்பகம் வேலையில் சேர்ந்துவிட்டாள். முதலாளியாக.

இட்லி மாவு வியாபாரம். சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன்கள் எங்கள் தெருவைச் சுற்றி அறைக்கு ஆறு பேர், ஏழு பேர் என்று தங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிப் போவார்கள். அதற்கு அரிசியும் உளுந்தும் காலையில் ஊறும். எப்போது அரைபடும்? என் கண்கள் தாமாகச் செருகும் அந்தப் பொன்னான நேரத்தில்தான். பெரிய கிரைண்டர் பக்கத்தில் முக்காலி போட்டு என்னை உட்கார்த்திவிடுவாள். நான் தண்ணீர் தெளித்து மாவைத் தள்ளிவிட வேண்டும்.

“யோவ், கண்ண மூடாத. மாவு கட்டி தட்டும்.”

“மாவு ஆடுறது கிரைண்டர்ல. என் கண்ணுலயா?”

“பகல்ல தூங்குறவன் ஊட்ல மாவு பொங்காது.”

“இது எந்த சாஸ்திரத்துல கீது?”

“என் சாஸ்திரத்துல. தண்ணி தெளி.”

இப்படி நான் பேஜாராகிக் கிடந்தபோதுதான் எதிர்வீட்டுத் தாவீது வந்து கூப்பிட்டான். மில்லில் எனக்குப் பக்கத்து உருளைக்காரன். நாகலாபுரத்தில் அவன் மச்சினன் புது வீடு கட்டிப் பிரதிஷ்டை வைத்திருந்தான். தாவீதின் மொபெட்டில் இரண்டு கிழவர்களும் தொற்றிக்கொண்டு ஆந்திர எல்லை தாண்டிப் போனோம். ஜெபம் சுருக்கம், பிரியாணி விஸ்தாரம். சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க மலைச்சரிவில் ஏறினோம். ஏறினது நாலு பனைமர உயரம் இருக்கும். தெருவில் கேட்டால் நான் உச்சிக்கே போனதாகச் சொல்வார்கள். அவர்களை நம்புங்கள், சொன்னவன் நான்தான்.

ஒரு பாறை நிழலில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

மில் வந்தது. கம்பி ஓடி வந்தது. சிவப்பாக இல்லை, ஊதாவாக. சீறவில்லை, மெல்ல முனகிக்கொண்டு வந்தது. இடுக்கியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளுகுளு என்றிருந்தது. என் கையில் வளைந்து வளைந்து, கணுவுக்குக் கணு பூத்துக்கொண்டே போனது. மேஸ்திரி தூரத்தில் ஒரு மேகத்தின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விழித்தால், என் மூக்கருகே நிஜமாகவே ஊதாப் பூக்கள். கதிர் கதிராக நிமிர்ந்து நிற்கின்றன. வெல்வெட் துணி மாதிரி மெத்தென்ற இலை. கற்பூரமும் மிளகும் கலந்தது போன்ற ஒரு வாசனை. பூவுக்குப் பூ தேனீ இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அதன் ரீங்காரத்தைத்தான் கனவில் கம்பியின் முனகலாகக் கேட்டிருக்கிறேன்.

“இன்னாடா செடி இது?”

“பேய்மிரட்டி நைனா. எங்க அம்மா புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா இதப் போட்டுத்தான் வேது புடிக்க வைக்கும். பல்லு மொளைக்கிற கொழந்தைக்கு இதுல தண்ணி காச்சி ஊத்தும்.”

“தூக்கம் வருமா?”

“பிரியாணி துன்னா வரும்.”

அவனுக்குக் கற்பனை போதாது. எனக்கு அந்த நொடியில் முழுத் திட்டமும் தெரிந்துவிட்டது.

மூலிகையைக் கத்தரிக்காய்ச் செடி மாதிரி பிடுங்கக் கூடாது. முறை இருக்கிறது. நம் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டி, சாபம் நீங்கச் சொல்லி, உயிரோடு வா என்று கேட்டுத்தான் ஆணிவேர் அறாமல் எடுக்க வேண்டும். மஞ்சள் கயிறு இல்லை. விருந்தில் கொடுத்த இனிப்புப் பெட்டியில் மஞ்சள் ரிப்பன் இருந்தது. அதைக் கட்டினேன்.

“நான் இன்னா சொல்லட்டும்?” என்றான் தாவீது.

“ஆமென் சொல்லு. செடி தப்பா எடுத்துக்காது.”

சொன்னான். செடி வந்தது. மொபெட்டில் வரும் வழியெல்லாம் பூவை உதிர்த்துக்கொண்டே வந்தது. வீடு சேரும்போது மொட்டைக் கதிர்தான் மிச்சம். அதுவும் நல்லதற்கே என்று பட்டது எனக்கு.

செண்பகம் வாசலில் மாவுப் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாயா இது?”

“மூலிகை. மலை உச்சில ஒரு சாமியார் குடுத்தாரு. தாடி எங்க முடியுது, ஆலமரத்து விழுது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. அவ்ளோ வயசு.”

“பேய்மிரட்டி மாரி கீதே.”

“பேய்மிரட்டிதான். ஆனா மலைப் பேய்மிரட்டி. இதோட பூவ நல்லெண்ணெல காச்சித் தடவுனா, உன் முட்டி வலி ஓடியே பூடும்.”

“பூவக் காணமே.”

“அங்கதான் விஷயம் கீது. மலைய வுட்டு எறங்குன துக்கம். உதிர்த்துடுச்சு. மறுபடி பூக்கணும்னா அதுக்கு மலையில கீற மாரியே தோணணும். பக்கத்துல ஒரு ஆளு மத்தியானத்துல படுத்துத் தூங்கணும். தூங்குறவன் காணுற கனவுதான் அதுக்கு எரு.”

“கனவு எருவா?”

“மாட்டு எரு போட்டா செத்துடும்னாரு.”

செண்பகம் செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி செடியைப் பார்த்தாள். அவள் பொதட்டூர்பேட்டைக்காரி. அந்தப் பக்கம் மலையும் உண்டு, செடியும் உண்டு, என்னை மாதிரி ஆட்களும் உண்டு.

“சரி” என்றாள்.

எனக்கு முதுகில் சில்லென்றது. எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ‘சரி’ அது. கல்யாணத்துக்கும் அவள் அப்பாதான் சொன்னார். ஆனாலும் தூக்க ஆசை யாரை விட்டது?

மொட்டை மாடியில் தகரக் கொட்டகையின் நிழல். பழைய பெயிண்ட் வாளியில் பேய்மிரட்டி. பக்கத்தில் என் பாய். அந்த நாட்களை எப்படிச் சொல்வது! கீழே கிரைண்டர் உருளும். அதன் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வருவதற்குள் தாலாட்டாக மாறிவிடும். தூரத்தில் ஆலைப் புகைபோக்கிகள் மேகம் தயாரித்துக்கொண்டிருக்கும். மழை பெய்து கழுவிய நாட்களில் மேற்கே ஒரு நீலக் கோடு தெரியும். அதுதான் மலை என்று செடிக்குக் காட்டுவேன். அது தலையாட்டும். காற்று என்பார்கள் சிலர்.

கனவுகளோ, ரகம் ரகமாக வந்தன. எளாவூர் செக்போஸ்டில் நிற்கிற லாரிகள் எல்லாம் யானைகளாகி, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உறங்கும். நான் அவற்றின் நடுவே பூனைநடை நடந்து ஒவ்வொன்றின் காதிலும் பூ வைப்பேன். புறநகர் ரயில் ஒன்று மலை ஏறி, சிகரத்தில் நின்று பெருமூச்சு விடும். உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் ஊதா நிறத்தில் இருப்பார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து, “தூங்காதவங்க எல்லாம் எறங்குங்க” என்பார். நான் இறங்கமாட்டேன்.

இதெல்லாம் டீக்கடையில் சொன்னேன். சொல்லச் சொல்ல வளர்ந்தது. செடி சும்மா பூக்காது, ஆளைப் பார்த்துத்தான் பூக்கும், கனவில் கபடம் இருந்தால் மொட்டுகூட விடாது என்று சாமியார் சொன்னதாகவும் சேர்த்துவிட்டேன். நல்ல கதையில் ஒரு சோதனை வேண்டாமா? சாமியாரே இல்லை என்று தெரிந்த தாவீதுகூட இதை இன்னும் ஊதிப் பெரிதாக்கித் தெருவெல்லாம் சொல்லி வைத்தான்.

இதற்கிடையில், பாய் விரித்த முதல் நாள் காலையிலேயே, நாஷ்டாவுக்கு முன்னால் ஒரு லோட்டா என் முன் வந்து உட்கார்ந்தது.

“இன்னாம்மே இது?”

“கஷாயம்.”

“எனக்கு இன்னா நோவு?”

“நோவு இல்லயா. பத்தியம். மூலிகை பக்கத்துல படுக்குறவன் பத்தியம் இருக்கணும். சாமியார் சொல்லலியா உனக்கு?”

“சொன்… சொன்னாரு. மறந்துட்டேன்.”

“எனக்கு மறக்கல. மீன் கெடையாது. புளி கெடையாது. டீ கெடையாது. பீடி நெனைக்கவே கூடாது.”

“நெத்திலி?”

“நெத்திலி இன்னா பூவா? அதுவும் மீனுதான்.”

என்ன செய்ய? சாமியாரே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பாய் சுருண்டுவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அப்படியொரு கசப்பை நான் என் மாமனார் வீட்டில்கூடக் கண்டதில்லை.

“தினமுமா?”

“பூக்குற வரைக்கும்.”

அன்றிலிருந்து விடிந்தால் கசப்பு, மத்தியானம் கஞ்சி, அதற்கப்புறம் தூக்கம். நாளாக ஆக என் கனவுகளின் தரம் இறங்கியது. யானைகள் போய் வஞ்சிரம் வந்தது. மலை ரயிலில் இப்போது பயணிகள் இல்லை, பெட்டி பெட்டியாகப் பழவேற்காட்டு இறால். டிக்கெட் பரிசோதகர் கையில் டீ கிளாஸ். நான் கை நீட்டினால் அவர் பத்தியம் என்று சொல்லி மறைந்துவிடுவார்.

சீக்கிரம் பூத்துத் தொலை என்று செடியைக் கெஞ்ச ஆரம்பித்தேன். பூத்துவிட்டால் பத்தியம் முடியும். அப்புறம், பூ உதிராமல் இருப்பதற்கும் ஓர் ஆள் தூங்க வேண்டும் என்று சாமியாரை இன்னொரு தடவை பேச வைத்துக்கொள்ளலாம். ஆனால் செடியோ இலையாகத் தழைத்தது, கிளையாகப் பிரிந்தது, புதராகப் பெருத்தது. மொட்டு மட்டும் இல்லை. ஒரு மொட்டுகூட இல்லை. இப்படியொரு ஆரோக்கியமான பிடிவாதத்தை அதற்கு முன் ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அது கீழே மாவு அரைத்துக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை செண்பகம் மாடிக்கு வந்து, இடுப்பில் கைவைத்துச் செடியைச் சுற்றிப் பார்த்தாள்.

“யோவ், உன் தூக்கம் இதுக்குச் செல்லல போலகீது.”

“செல்லாம இன்னா? மெய்யான தூக்கம்!”

“கொறட்டை வுடுறியே. அது மெரளுதோ இன்னாவோ. நான் படுத்துப் பாக்குறேன்.”

“நீ எதுக்கும்மே கஷ்டப்படணும்?”

“முட்டி என்னுது. கஷ்டப்படக் கூடாதா?”

அவள் பாயில் படுத்தாள். நான் கீழே முக்காலியில் உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. அவளுக்குக் கனவே வராது, கணக்குதான் வரும், செடி வாடித் தலை தொங்கும், அப்புறம் என்னிடமே திரும்ப வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாவைத் தள்ளினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“யோவ்! மேல வா! பூத்துக்கீது!”

ஓடினேன். செடி முழுக்க ஊதா. கிளைக்குக் கிளை, கதிருக்குக் கதிர். எங்கிருந்தோ ஒரு தேனீகூட வந்துவிட்டிருந்தது. ஆலைப் புகைக்கு நடுவே வழி கேட்டு வந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் தெருவும் வந்துவிட்டது. தாவீது வந்தான். அவன் மனைவி ஏஞ்சலின் வந்தாள். மூலைவீட்டு ஜானகியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள். செண்பகம் அவசரமே படவில்லை. செடியில் ஒரு பச்சை இலையைக் கிள்ளினாள். திரி மாதிரி உருட்டினாள். அகலில் எண்ணெய் விட்டு அதில் வைத்து ஏற்றினாள். பச்சை இலை, பஞ்சுத் திரி மாதிரி நின்று எரிந்தது.

“அய்ய! பச்சை எலை எரியுது!” என்றாள் ஜானகியம்மாள்.

பேய்மிரட்டி இலை எப்போதும் எரியும். மலையோரத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது. அந்தச் சின்னச் சுடரில் செண்பகத்தின் முகம் கோயில் வெளிப்பிராகாரத்து அம்மன் மாதிரி இருந்தது.

“நைனா, நீ சொன்னது அப்படியே பலிச்சுது!” என்று தாவீது கத்தினான். “கபடம் இல்லாத கனவுக்குத்தான் பூக்கும்னு சொன்னே இல்ல? உனக்குப் பூக்கல. அண்ணிக்குப் பூத்துச்சு. சாமியார் பெரிய ஆளுதான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? காற்று என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

“செம்பகம், கண்ணு, முட்டி எப்படிக் கீது?” என்று ஏஞ்சலின் கேட்டாள்.

“பூவு இன்னும் எண்ணெல போடவே இல்லடி. படுத்ததுக்கே பாதி வலி கொறஞ்சிபோச்சு.”

“எனக்கு இடுப்பு வலி. நானும் படுத்துப் பாக்கட்டா?”

“பாய் எடுத்துக்கினு வா.”

கூட்டம் கலைந்தபின் நான் அவளை மடக்கினேன்.

“இன்னாம்மே இது? எனக்கு ஒரு மொட்டுகூட வைக்கல. உனக்கு எப்படி ஒரு வாரத்துல பூத்துச்சு?”

“கிள்றத நிறுத்துனேன். பூத்துச்சு.”

“இன்னாது?”

“தெனமும் விடியறப்ப கொழுந்தோட மொட்ட எல்லாம் கிள்ளிடுவேன். கிள்ளக் கிள்ள நல்லா தழையும்யா.”

“கிள்ளி? கிள்ளுன மொட்டெல்லாம் இன்னா பண்ணே?”

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். மில்லில் புதிதாகச் சேர்ந்த பையனை நாங்கள் பார்ப்போமே, அப்படி.

“கஷாயம் கசந்துச்சு இல்ல?”

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பூவுக்காகத் தவம் கிடந்தேனோ, அதைத் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே குடித்திருக்கிறேன்.

“இத நான் தெருவெல்லாம் சொல்லப் போறேன்” என்றேன்.

“சொல்லு. சாமியாரு எந்த மலைல கீறாருன்னு கேப்பாங்க. நானும் கூட நின்னு கேக்குறேன்.”

அப்புறம் பக்கத்துப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“யோவ், நீ மொத ஷிப்ட் போறப்ப இருட்டோட எழுந்து சோறு கட்டுனது யாரு? ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு நீ வர்ற வரைக்கும் சைக்கிள் சத்தம் கேட்டுக்கினு குந்தினு இருந்தது யாரு? நீ முழிச்சதுக்காவது மில்லுல டப்பு குடுத்தான். நான் முழிச்சதுக்கு?”

இதற்கு ஒரு பதில் யோசித்தேன். இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது.

இப்போதெல்லாம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு பாயை இடுக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். வாளியைச் சுற்றித் தாமரை இதழ் மாதிரி பாய்கள். நடுவில் பேய்மிரட்டி. கீழே நான் மாவு தள்ளுகிறேன். எதிர்வீட்டில் தாவீது பாத்திரம் தேய்க்கிறான். மூலைவீட்டில் ஜானகியம்மாளின் புருஷன் துணி உலர்த்துகிறார். அவர் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. சாமியாரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தானே! பத்தியம் மட்டும் தீர்ந்தது. நெத்திலி உண்டு. நானே ஆய்ந்து கொடுத்தால்.

நேற்று மாவு முடிந்ததைச் சொல்ல மாடிக்குப் போனேன். ஒரே அமைதி. மழைக்கு அப்புறம் வந்த வெளிச்சம். மேற்கே அந்த நீலக் கோடு தெளிவாகத் தெரிந்தது. உறங்குகிறவர்களின் மூச்சுக்குத் தாளம் போட்டு ஊதாக் கதிர்கள் அசைந்தன. நடுவில் செண்பகம். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கண் மூடும்போது அவள் விழித்திருப்பாள், நான் கண் திறக்கும்போதும் விழித்திருப்பாள். தூக்கத்தில் அவளுக்குச் சின்ன வயது. உதட்டோரம் ஒரு சிரிப்பு. எந்த மலையில் இருக்கிறாளோ, எந்த ரயிலில் போகிறாளோ.

மனசு இளகிப் பக்கத்தில் குந்தினேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

“செம்பகம், இன்னா கனவு? சிரிச்சிக்கினு இருந்தியே.”

“அதுவா? ஒரு பெரிய மலை. மலை முழுக்க இந்தப் பூவு. நடுவுல பாய் போட்டு நீ நல்லா தூங்கிக்கினு இருந்தே.”

என் கண் கலங்கிவிட்டது.

“அப்புறம்?”

“எழுப்பி வுட்டுட்டுத்தான் வரேன்.”